பிறர் நாவுக்கு வடிப்பது

அரிசியிலிருந்து வீட்டில் மது வடிக்கும் முறைகளை ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால் ஊரில் சிலர் சிரிப்பார்கள். சிலர் ‘இதற்குமா முனைவர் பட்டம்?’ என்பார்கள். இரண்டுக்கும் பழகிவிட்டேன். சென்ற மாதம் நண்பர் ஒருவர் வேறொன்று கேட்டார்: ‘வீட்டுக்கு வீடு வேறுபடும் ஒரு பானத்தில் எது நல்லது என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?’ அதற்கு ஆய்வேட்டில் எழுதக்கூடிய விடை ஒன்று உண்டு. ஆய்வேட்டில் அவ்வளவு எளிதாக எழுத முடியாத விடை ஒன்றை இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது அசாமில், பிரம்மபுத்திராவின் வடகரையில். இங்கே ஏறத்தாழ ஒவ்வொரு சமூகத்துக்கும் தனக்கென ஓர் அரிசி பியர் உண்டு. போடோக்களுக்கு ஜௌ, அஹோம்களுக்கு ஸாஜ், திமாசாக்களுக்கு ஜூடிமா, மிசிங் மக்களுக்கு அபோங். ஜூடிமாவுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காய்ச்சி வடித்த சாராயம் அல்ல இவை. தானியத்தை நொதிக்க வைத்து வடிகட்டுபவை. பழங்குடி வீடுகள் தம் தேவைக்கு இவற்றைச் செய்துகொள்ள மாநில ஆயத்தீர்வை விதிகளும் இடமளிக்கின்றன. நம் ஊரில் மது என்றால் அரசுக் கடையில் வாங்குவது. யார் செய்தது, யாருக்காகச் செய்தது என்ற கேள்விக்கே அங்கு வேலையில்லை. இங்கே அந்தக் கேள்வியிலிருந்துதான் பானை அடுப்பேறுகிறது. வடிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பருகுபவர் வேறொருவர்.

செய்முறையின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதுவை உண்டாக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும், மாவுச்சத்தைத் தின்னாது. ஆகவே தானியத்தின் மாவுச்சத்தை முதலில் சர்க்கரையாக உடைக்க வேண்டும். ஐரோப்பிய பியரில் முளைகட்டிய பார்லியின் நொதிகள் இந்த வேலையைச் செய்கின்றன. கிழக்காசியாவிலும் நம் வடகிழக்கிலும் பூஞ்சை செய்கிறது. அரிசிமாவுடன் பலவகைக் காட்டிலைகளையும் வேர்களையும் இடித்துச் சேர்த்து, பழைய வில்லையின் பொடியைத் தூவி, உருட்டித் தட்டி உலர்த்தி வைப்பார்கள். மிசிங் வீடுகளில் இதற்கு அபோப் என்று பெயர். அந்த வெள்ளை வில்லைக்குள் ரைசோபஸ், மியூக்கர் முதலிய பூஞ்சைகளும் ஈஸ்ட்டுகளும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் உறங்குகின்றன. சோற்றில் உதிர்த்தால் விழித்துக்கொள்ளும். பூஞ்சை சோற்றை இனிப்பாக்கும், ஈஸ்ட் இனிப்பை மதுவாக்கும், பாக்டீரியா புளிப்பை ஏற்றும். மூன்றும் ஒரே பானையில், ஒரே வேளையில் நடப்பதுதான் இதன் அழகும் தலைவலியும்.

நமக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. பெரும்பாணாற்றுப்படையில் வீட்டுக் கள் செய்யும் முறை ஒன்று வருகிறது. அரிசிக் களியை வாயகன்ற தட்டில் ஆற்றி, கறையான் புற்றிலிருக்கும் குரும்பியைப் போன்ற அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முற்றிய பின் விரலால் அலைத்துப் பிழிவதாகச் சொல்கிறது அப்பாட்டு. இங்கு வந்து முதல் அபோப் வில்லையைக் கையில் வாங்கியபோது எனக்கு அந்தக் குரும்பி உவமைதான் நினைவுக்கு வந்தது. வீட்டில் சமைத்த கள்ளுக்குத் தோப்பி என்றொரு சொல்லே சங்கத் தமிழில் இருந்தது. சொல் வழக்கொழிந்தது, கைத்தொழில் இங்கே உயிரோடிருக்கிறது.

சுவையைக் கூட்டிக் குறைக்கும் வழிகள் வடிப்பவரிடம் எத்தனை இருக்கின்றன என்று பார்ப்போம். முதலாவது, அரிசி. பசையரிசியான போராவில் அமைலோஸ் ஏறத்தாழ இல்லை. அது எளிதில் உடைந்து இனிப்பை மிகுவிக்கும். சாதாரண சாலி அரிசி இனிப்பில் சற்றுக் குறைந்து நிற்கும். இரண்டாவது, சோறு எவ்வளவு ஆறிய பின் வில்லையைச் சேர்ப்பது என்பது. சூடு மிகுந்தால் ஈஸ்ட் சாகும். மிகவும் ஆறிவிட்டால் வேலை மெதுவாகி வேண்டாத கிருமி முந்திக்கொள்ளும். மூன்றாவது, வில்லையின் அளவு. நான்காவது, நாள். இதை இட்லி மாவோடு ஒப்பிட்டால் நமக்கு உடனே விளங்கும். புளிப்பு பிடிக்காத பிள்ளைக்கு முதல் நாள் இட்லி, புளித்தால்தான் தோசை என்று நினைக்கும் தாத்தாவுக்கு மூன்றாம் நாள் தோசை. மாவு ஒன்றுதான், நாள் நாக்கைப் பிரிக்கிறது. அபோங்கிலும் முதல் சில நாட்கள் இனிப்பு மேலோங்கும். பிறகு மது ஏறும். விட்டால் புளிப்பு எல்லாவற்றையும் மூடும். வெயிற்காலத்தில் இந்த வரிசை விரைந்து முடியும், மாசியில் இழுத்துக்கொண்டு போகும்.

மிசிங் வீடுகளுக்கே உரிய ஐந்தாவது வழி ஒன்றுண்டு. நொகின் அபோங் என்பது வெண்மையானது, சில நாட்களில் முடிவது. போரோ அபோங் கரியது. உமியையும் வைக்கோலையும் கறுக்க எரித்துச் சோற்றோடு பிசைந்து, வில்லைப்பொடி கலந்து, பானையில் அடைத்து வாரக்கணக்கில் வைப்பார்கள். பிறகு தாசுக் என்ற மூங்கில் கூம்பில் இலை பரப்பி அந்தக் கலவையை நிரப்பி மேலே நீரூற்றினால், அடிமுனையிலிருந்து காப்பி நிறத்தில் சொட்டும். நம் பாட்டிமார் பல் துலக்கிய அதே உமிக்கரி இங்கே மூன்று வேலை செய்கிறது. கலவை களியாக அடைத்துக்கொள்ளாமல் நீர் இறங்க வழிவிடுகிறது. அதோடு வரும் சாம்பலின் காரம் புளிப்பைக் கொஞ்சம் தணிக்கிறது. கருகல் வாசத்தையும் இலேசான கசப்பையும் தருகிறது. ஊற்றும் நீரிலும் கணக்குண்டு: முதலில் இறங்குவது கெட்டி, பின்னது நீர்மை, தேங்காய்ப் பாலில் முதற்பாலும் இரண்டாம் பாலும் போல.

வீட்டு பியரைப் பொழுதுபோக்காகச் செய்யும் நாடுகளிலும் இத்தகைய வழிகள் உண்டு. பிரிட்டனில் 1963இல் வீட்டு வடிப்புக்கு உரிமம் வேண்டியதில்லை என்றாயிற்று. அமெரிக்காவில் 1978இல் கூட்டரசுச் சட்டம் வழிவிட்டது. அங்கே ஒருவர் தம் நண்பருக்கு வடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நண்பருக்கு உடல் கனத்த, இனிப்பு தங்கிய பியர் வேண்டுமென்றால் மால்ட்டை 68 பாகை செல்சியசுக்கு மேல் ஊறவைப்பார். வறண்ட சுவை வேண்டுமென்றால் 64ஐ ஒட்டி நிறுத்துவார். கசப்பு வேண்டுமா, ஹாப்ஸ் பூக்களை ஒரு மணி நேரம் கொதிக்க விடுவார். கசப்பின்றி மணம் மட்டும் போதுமா, இறக்கும்போது போடுவார். எல்லாவற்றுக்கும் வெப்பமானியும் அட்டவணையும் இருக்கின்றன. இருந்தும் நண்பர் ‘எனக்குக் கசப்பு அதிகம் வேண்டாம்’ என்று சொன்னால் அந்த ‘அதிகம்’ எத்தனை என்பதை அட்டவணை சொல்லாது. கசப்பை உணரும் திறனே ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வேதிப்பொருள் ஒருவருக்குக் கடுங்கசப்பாகவும் மற்றவருக்குச் சுவையற்றதாகவும் இருப்பதை ஆர்தர் ஃபாக்ஸ் 1931லேயே காட்டிவிட்டார். அதற்குக் காரணமான மரபணுவும் பின்னர் அடையாளம் காணப்பட்டது. ஆகவே பிறருக்கு வடிப்பவர், தம் நாவால் என்றுமே உணர முடியாத ஒன்றை நோக்கி வடிக்கிறார். கையிலிருப்பது அந்தப் பிறர் சொல்லும் சொல்லும், முகக்குறிப்பும் மட்டுமே.

இனி, முறையான விடையில் இடம்பெறாத பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிமாதி படித்துறையிலிருந்து படகேறி ஆற்றுத்தீவான மாஜுலிக்குச் சென்றால், தூண்கள் மேல் நிற்கும் மூங்கில் வீடுகள் நிறைந்த ஒரு சிற்றூர். அங்கே நான் மாதிரிகள் எடுக்கும் வீடுகளில் ஒன்றின் தலைவி. சின்னம்மா என்ற பொருளில் ‘மாஹி’ என்று அழைப்பேன். என்னை அவர் ‘மாஜனி’ என்பார். இங்கே பெண் பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாஹி பத்தொன்பது வயதில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். பிறந்த வீட்டில் வெள்ளை அபோங்தான், இனிப்பு தங்கியது. புகுந்த வீட்டில் மாமியாருக்குக் கரியதுதான் வேண்டும். அதுவும் நாவின் பின்புறத்தைப் பிடிப்பதாக, புளிப்பு முன்னுக்கு வராததாக, கருகல் வாசம் மூக்கில் நிற்பதாக.

மாமியார் செய்முறையைச் சொல்லித் தந்தார். ஆனால் நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. மாஹி வேறு அடையாளங்களைப் படித்துக்கொண்டார். மாமியார் முதல் கிண்ணத்தை ஒரே மூச்சில் முடித்தால் நீர்த்துப்போயிருக்கிறது என்று பொருள். பாதியில் கீழே வைத்துப் பேச்சைத் தொடங்கினால் சரியாக வந்திருக்கிறது. உதட்டைத் துடைத்தால் புளிப்பு. இரண்டாம் கிண்ணத்தைத் தாமே மொண்டுகொண்டால் அந்தப் பானையின் ஒவ்வொரு விவரத்தையும் மாஹி மனத்தில் குறித்துக்கொள்வார்: எந்த வயலின் அரிசி, உமி எந்த நேரம்வரை எரிந்தது, எத்தனை நாள், எந்தக் காற்று. எழுதப்படாத அந்தக் குறிப்பேட்டுக்கு முப்பத்தோரு ஆண்டு வயது. அதில் நான் படித்த சில பக்கங்கள் என் ஆய்வகக் குறிப்புகளைவிட ஒழுங்கானவை.

நான் அங்கே போகத் தொடங்கியபோது அந்த மூதாட்டி உயிருடன் இருந்தார். ‘ஆய்தா’ என்று நானும் பாட்டி முறை சொல்லியே அழைப்பேன். அவருக்கு மோப்பம் மங்கிவந்தது. முதுமையில் பலருக்கும் நேர்வதுதான். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை ஆகையால் மூக்கு மங்கினால் உணவெல்லாம் சப்பென்றாகிவிடும். எதைக் கொடுத்தாலும் ‘தண்ணீர்’ என்றார். இன்னும் கடுமையாக வேண்டும் என்று ஒவ்வொரு பானைக்கும் கேட்டார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதுவைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று. மகன், அதாவது மாஹியின் கணவர், இனி கிண்ணமே வேண்டாம் என்றார். ஆய்தாவோ கிண்ணம் வராத நாளில் சோற்றையும் தள்ளிவிட்டார்.

மாஹி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பானையில் சோற்றைக் குறைத்து எரித்த உமியைக் கூட்டினார். உமியை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகக் கறுக்க விட்டார். தாசுக்கில் முதலில் இறங்கியதைக் கணவருக்கும் விருந்தினருக்கும் எடுத்து வைத்துவிட்டு, மேலும் நீரூற்றி அடுத்து இறங்கியதை ஆய்தாவுக்குக் கொடுத்தார். சோறு குறைந்தால் சர்க்கரை குறையும். சர்க்கரை குறைந்தால் மது குறையும். நிறமும் கருகலும் கசப்பும் கூடும். நான் அந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு சிறு குப்பி எடுத்துவந்து அளந்தேன். முதலில் இறங்கியதைவிட மது கணிசமாகக் குறைந்திருந்தது. மாஹிக்கு இந்த அளவீடு தேவைப்படவில்லை. ‘அவருக்கு வேண்டியது போதை இல்லை, மாஜனி. பிடிமானம். நாக்கில் ஏதோ ஒன்று பிடித்தால் போதும்’ என்றார்.

ஆய்தா பாதிக் கிண்ணத்தில் நிறுத்தி, மாடு கன்று பற்றி ஏதோ பேசத் தொடங்கினார். பிறகு மருமகளிடம் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். மிசிங் மொழி எனக்குத் தெரியாது. மாஹி பின்னர் அசமியாவில் சொன்னார்: ‘இப்போதுதான் என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறாய்.’ முப்பத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த அந்தச் சொல்லைப் பாராட்டு என்பதா குறை என்பதா என்று மாஹிக்கும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண்ணை மட்டும் அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த மழைக்காலத்தில் ஆய்தா காலமானார்.

இங்கே ஆய்வகத்துக்கு வருகிறேன். எங்கள் திட்டத்தின் நோக்கம், வில்லையிலுள்ள நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, ஒரே சீரான சுவை தரும் தொடக்கி ஒன்றை உருவாக்குவது. நல்ல நோக்கம், கெட்டுப்போகும் பானைகள் குறையும், விற்க விரும்பும் பெண்களுக்கு வருமானம் வரும். சீரான சுவை எது என்று முடிவு செய்யச் சுவைக்குழு வைக்கிறோம். ‘மிகவும் பிடிக்கவில்லை’ முதல் ‘மிகவும் பிடித்திருக்கிறது’ வரை ஒன்பது படிகள் கொண்ட அளவுகோல். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்க இராணுவத்தின் உணவாய்வாளர்கள் சிப்பாய்களின் விருப்பத்தை அறிய உருவாக்கியது அது. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே உணவு போட வேண்டிய இடத்தில் பிறந்த கருவி. அந்த வேலையை மிக நன்றாகச் செய்கிறது. எங்கள் குழுவில் மாஹியின் கடைசிப் போரோ அபோங் எல்லாவற்றிலும் கீழே வந்தது. மேலே வந்தது இனிப்பு தங்கிய, இளம் புளிப்புள்ள வெள்ளை மாதிரி.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கிண்ணம் குழுவுக்காக வடிக்கப்பட்டதன்று. மூக்கு மங்கிய ஒரு முதியவருக்காக, அவர் உடல் தாங்கும் அளவறிந்து வடிக்கப்பட்டது. அந்த ஒருவர் ஒன்பதாம் படியைக் காட்டியிருப்பார். சராசரி எடுத்தால் அவர் விளிம்பில் விழும் ஒற்றைப் புள்ளி. புள்ளியியலில் அத்தகைய புள்ளியை நீக்குவதற்கு முறைகளே இருக்கின்றன. என் நெறியாளர் நியாயமாகவே கேட்டார்: ‘இதை எந்த அலகில் அளப்பாய்?’ இன்றுவரை அலகு இல்லை. ஆய்வேட்டின் அட்டவணையில் அரிசி, வில்லை, வெப்பம், நாள் என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் ‘யாருக்காக’ என்றொரு பத்தியைச் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு மாதிரிக்கும் அதை நிரப்பியும்விட்டேன். மகனுக்காக, வயல் நடவு ஆட்களுக்காக, இறந்தவர் படையலுக்காக, பல்லில்லாத கணவருக்காக. நிரப்பிய பின் பார்த்தால், விளங்காத வேறுபாடுகள் என்று நான் ஒதுக்கி வைத்திருந்தவற்றுள் பல அந்தப் பத்தியோடு சேர்ந்து நகர்கின்றன. நாள் கூடியதற்கும் உமி கறுத்ததற்கும் காரணம் வானிலையில் இல்லை; எதிரே உட்கார்ந்து பருகுபவரிடம் இருக்கிறது. தேர்வாளர்கள் ஏற்பார்களா என்பது வாய்மொழித் தேர்வில் தெரியும். நீக்கச் சொன்னால் வாதாடுவேன்.

கோயில் மடைப்பள்ளியிலும் நம் வீட்டுப் பூசையறையிலும் நைவேத்தியம் செய்பவர்கள் சுவை பார்ப்பதில்லை. உப்பைக் கை அறியும். பதத்தை மணம் சொல்லும். உண்பவர் வாய் திறந்து எதுவும் சொல்லப்போவதுமில்லை. பிறருக்காகச் சமைக்கும் பெண்கள் பலரின் நிலை அதற்கு வெகு தொலைவில் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆய்தா மறைந்த பின்னும் மாஹி அந்தக் கருகிய, நீர்த்த போரோவை ஒரு சிறு பானையில் வடித்து முதல் கிண்ணத்தைப் படைக்கிறார். வீட்டில் எவருக்கும் அது பிடிக்காது. மாஹிக்கும் பிடிக்காது. தனக்குப் பிடிக்காத ஒரு சுவையை அச்சுப் பிசகாமல் உண்டாக்கும் ஒரே ஆள் இன்று உலகில் அவர்தான். அவருக்குப் பின் அந்தச் சுவையை எந்த வில்லையிலிருந்தும் மீட்க முடியாது. அது வில்லையில் இல்லை.

சென்ற ஆண்டு அவர் மகனுக்குத் திருமணம் நடந்தது. மருமகள் வந்த முதல் வாரத்திலேயே மாஹி அவளிடம் கேட்டாராம், ‘உனக்கு எப்படி வேண்டும்?’ என்று. இனிப்பாக, வெள்ளையாக என்றாளாம் அந்தப் பெண். இதைக் கேட்ட பிறகுதான் இத்தனை ஆண்டுகளாக என் வினாநிரலில் ஒரு வினா இல்லை என்பது கண்ணில் பட்டது. வடிக்கும் பெண்கள் யாரிடமும், உங்களுக்கு எது பிடிக்கும் என்ற வினா எந்த ஆய்வுப் படிவத்திலும் இல்லை. மாஹியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். ‘மூன்றாம் நாள்’ என்றார். நீரூற்றுவதற்கு வெகு முன்னால், சோறு குழைந்து தேன்போல் சாறு விட்டிருக்கும் நேரத்தில், பானையைத் திறந்து பார்க்கும் சாக்கில் ஒரு கைப்பிடி அள்ளித் தின்பாராம். பிறந்த வீட்டில் தாயாருக்குத் தெரியாமல், புகுந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல்.

பாகுன் மாத முதல் புதன்கிழமை மிசிங் மக்களின் விதைப்புத் திருவிழாவான ஆலி ஆயே லிகாங். இம்முறை மூன்று பானை வைக்கப்போவதாகத் தொலைபேசியில் சொன்னார். ஒன்று ஆய்தாவின் கறுப்பு, ஒன்று மருமகளின் வெள்ளை. மூன்றாவது யாருக்கு மாஹி என்று கேட்டேன். நேரடியாகப் பதில் வரவில்லை. அது போரா அரிசி, மூன்றாம் நாளே திறந்துவிட வேண்டும், அதற்குள் நீ வந்துவிடு என்று மட்டும் சொன்னார்.